திட்டுக்குப் பயந்து போன நான்கு மணி நேரம்

மார்கழியில் சேலத்திலிருந்து ஆத்தூர் சாலையில் வண்டியில் போகிறவர்களுக்கு அந்த வாசனை தெரியும். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுக்கும் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளிலிருந்து வரும் புளிப்பு வாடை. கிழங்கு சீசன் மும்முரமாக இருக்கும் நேரம். ஆலை வாசலில் லோடு வண்டிகள் வரிசையாக நிற்கும், எடைமேடையில் இருப்பவருக்கு டீ குடிக்கக்கூட நேரம் கிடைக்காது. 2021 மார்கழியில் அப்படி ஒரு நாள், மதியம் 1:20க்கு எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, டேலி ஓபன் ஆகல. ஃபைல் பேரெல்லாம் மாறிக் கிடக்கு. முதலாளிகிட்ட இன்னும் சொல்லல."

ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதும் பெண். டேலி என்பது அவள் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம், "காலையில ஒன்பதே காலுக்கே பார்த்துட்டேன்" என்றாள்.

நான் சேலத்தில் சிறு நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுப்பவன். சேகோ ஆலை, கொலுசுப் பட்டறை, விசைத்தறிக் கூடம், ஏற்காட்டில் இரண்டு காப்பித் தோட்ட ஆபீஸ் என்று என்னிடம் இருப்பவர்கள் எல்லாருமே பத்துக் கம்ப்யூட்டருக்குள் வைத்திருப்பவர்கள். தனியாகப் பாதுகாப்புக்கு என்று ஓர் ஆள் வைக்கும் வசதி இவர்களுக்குக் கிடையாது. ஐந்து ரோட்டில் ஒரு கடையில் ஹார்ட்வேர் சர்வீஸ் பையனாக ஆரம்பித்து இன்றுவரை இதே வேலைதான். இத்தனை வருடத்தில் நான் கற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒன்பதே காலுக்கும் ஒன்று இருபதுக்கும் நடுவில் நடந்தது எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது. அதனால் அதை முழுதாகச் சொல்கிறேன்.

காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் டேலியில் கம்பெனியே காட்டவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு ஃபைலின் வாலிலும் புரியாத எழுத்துகள். டெஸ்க்டாப்பில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு, பிட்காயினில் பணம் கட்டச் சொல்லி. ரேன்சம்வேர், ஃபைல்களைப் பூட்டி வைத்துவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ப்ரோக்ராம். முந்தின நாள் கூரியர் பில் என்று ஒரு மெயில் வந்து அதைத் திறந்திருக்கிறாள். உடனே அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: இது என்னால்தான் ஆனது. முதலாளி பதினொரு மணிக்கு வருவார், அதற்குள் நானே சரி பண்ணிவிட வேண்டும். ரீஸ்டார்ட் செய்து பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து, சனிக்கிழமைதோறும் காப்பி எடுத்து வைக்கும் ஹார்டு டிஸ்கை எடுத்தாள். பழைய கணக்கைத் திரும்ப ஏற்றிவிட்டால் முடிந்தது என்று நினைத்தாள். கேபிளைச் செருகினாள்.

பூட்டும் ப்ரோக்ராம் அந்த மெஷினில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புதிதாக ஒரு டிரைவ் வந்ததும் அதற்குள்ளும் நுழைந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறின. பதறிப் பிடுங்கியபோது பாதிக்கு மேல் போயிருந்தது. பீரோவுக்குள் பத்திரமாக இருந்த காப்பி அது. அந்த ஆலையில் நாங்கள் ஒழுங்காகச் செய்திருந்த ஒரே காரியமும் அதுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளிக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவர் எதிரிலேயே அவளைக் கேட்டேன்: "மெயில்ல வர்றதையெல்லாம் ஏம்மா திறக்கறே? டிஸ்கை வேற ஏன் போட்டே?" துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி நின்றாள், வாயே திறக்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு எல்லாரும் போனபின் கம்ப்யூட்டரின் லாகை, அதாவது யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவை, எடுத்துப் பார்த்தேன். விண்டோஸில் யாராவது தவறான பாஸ்வேர்டு போட்டால் 4625 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். சரியாக உள்ளே வந்தால் 4624. மூன்று நாளாக 4625 ஆயிரக்கணக்கில் விழுந்திருந்தது. நிமிடத்துக்குப் பல முறை, ராத்திரி பகல் இல்லாமல். அன்று விடியற்காலை 2:40க்கு ஒரு 4624. வந்த வழி ரிமோட் டெஸ்க்டாப், வெளியிலிருந்தபடியே கம்ப்யூட்டரை இயக்கும் வசதி. நுழைந்த பயனர் கணக்கின் பெயர் அட்மின், பாஸ்வேர்டு ஆலையின் பெயரும் 123ம். 2020 ஊரடங்கில் முதலாளி வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது ரவுட்டரில் அதற்கான வாசலை, 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டு, அந்தக் கணக்கையும் உருவாக்கிக் கொடுத்தவன் நான். ஊரடங்கு முடிந்தும் அதை மூடவில்லை.

அந்தக் கூரியர் மெயிலையும் திறந்து பார்த்தேன். உண்மையான கூரியர் பில்தான் அது.

மறுநாள் காலை முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இதை அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டியா?" அப்போதே போய்ச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள், "சரிங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

பணம் கட்டலாமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்றேன். கட்டினால் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, கட்டுகிற ஆலை என்று பெயர் வாங்கிவிட்டால் திரும்பவும் வருவார்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016ல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' என்ற தளம் இருக்கிறது. சில வகை ரேன்சம்வேருக்கு அங்கே இலவசமாகச் சாவி கிடைக்கும். மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. எங்களுக்கு வந்த வகைக்கு அங்கே சாவி இல்லை.

சரி, கணக்கை எப்படித் திரும்ப எடுத்தோம்? சேகோ ஆலைக்கு வரும் கிழங்குக்கு எடையை மட்டும் வைத்து விலை போடுவதில்லை. மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து, பாயிண்ட் கணக்கில்தான் போடுவார்கள். எந்த வண்டி, எத்தனை டன், எத்தனை பாயிண்ட் என்பதெல்லாம் எடைச்சீட்டில் இருக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் கார்பன் வைத்து அடிக்கும் சீட்டு. வெள்ளைத் தாள் விவசாயிக்கு, மஞ்சள் தாள் ஆபீசுக்கு. மஞ்சள் தாள்கள் ஒரு சாக்கு மூட்டையில் பாதி கிடைத்தன. மீதிக்கு முதலாளி கிழங்கு போட்டவர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

வந்தார்கள். மஞ்சள் பையில், சட்டைப் பாக்கெட்டில், ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் நான்கு சீட்டையும் மேஜையில் நீவி வைத்துவிட்டு, "பத்தாயிரம் முன்பணம் வாங்கியிருக்கேன் கண்ணு, அது இதுல இருக்காது, அதையும் எழுதிக்கோ" என்றார். எங்களிடம் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பத்தொன்பது நாள் உட்கார்ந்து மொத்தக் கணக்கையும் அவள்தான் திரும்ப ஏற்றினாள்.

இந்தத் தொழிலில் மனிதர்கள்தான் பலவீனமான கண்ணி என்று அடிக்கடி சொல்வார்கள். கூட்டங்களில் படம் போட்டே காட்டுவார்கள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஓட்டை இருந்தது நான் திறந்த போர்ட்டில். அதை நஷ்டமாக்கியது பயம். ஒன்பதே காலுக்கு அவள் என்னைக் கூப்பிட்டிருந்தால், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கு, எதையும் செருகாதே என்று சொல்லியிருப்பேன். சனிக்கிழமை வரையிலான கணக்கு முழுதும் பீரோவில் இருந்திருக்கும், நான்கு நாள் வேலை மட்டும்தான் போயிருக்கும். அவள் ஏன் கூப்பிடவில்லை? ஏற்கனவே ஒரு முறை பென் டிரைவ் போட்டதற்கு நான் கத்தியிருக்கிறேன். அவளுக்கு அது ஞாபகம் இருந்தது, எனக்கு இல்லை.

அதற்கப்புறம் எந்த மோசடியைப் பார்த்தாலும் நான் இதைத்தான் தேடுகிறேன்: சொல்லாமல் இருக்க வைத்தது எது?

என் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டியில் இருக்கிறார். 'டிஜிட்டல் அரெஸ்ட்' கும்பல் அவரை இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தது. உங்கள் ஆதாரில் ஒரு பார்சல் வந்திருக்கிறது, உள்ளே போதைப்பொருள் என்று போலீஸ் உடையில் ஒருவன் வீடியோ காலில் வந்தான். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே 'மனதின் குரல்' வானொலி நிகழ்ச்சியில் இப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது என்று சொன்னார். பெரியப்பா தினமும் நாளிதழை வரி விடாமல் படிக்கிறவர், இந்தச் செய்தியையும் படித்தவர். ஆனால் அழைப்பு வந்ததும் அவன் போட்ட முதல் நிபந்தனை, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது. நாற்பது வருடம் ஊரில் மரியாதையாக வாழ்ந்த மனிதருக்கு, போதைப்பொருள் வழக்கில் நம் பேர் என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? பென்ஷன் சம்பந்தமான மீட்டிங் என்று பெரியம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாம் நாள் வைப்புத்தொகையை உடைக்க வங்கிக்குப் போனார். சட்டைப் பாக்கெட்டில் போன், கால் ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். கவுன்டரில் இருந்த அம்மாவுக்கு இவரை வருடக்கணக்கில் தெரியும். எதற்கு சார் இப்போ என்று கேட்டதும் இவர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். அந்த அம்மா மேலே கேட்கவில்லை. பணம் கட்டும் சீட்டு ஒன்றைத் திருப்பி, பின்பக்கம் எழுதி நீட்டினார்: "சார், யாராவது மிரட்டுகிறார்களா?" பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். எட்டு லட்ச ரூபாய் தப்பியது.

அந்தச் சீட்டை அவர் இன்னும் வைத்திருக்கிறார். எழுதிக் காட்டியதால் அவர் வாய் திறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது, அதுதான் அவரைக் காப்பாற்றியது. வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களிடம் இப்போது நான் சொல்வது, லிங்கைத் தொடாதீர்கள் என்று நூறு முறை பாடம் எடுப்பதைவிட, "பொய்யோ நிஜமோ, போலீஸ் என்று எவன் பேசினாலும் எனக்கு ஒரு போன் போடுங்கப்பா, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்" என்று ஒரு முறை உட்கார்ந்து சொல்லுங்கள். அந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிடாதீர்கள்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பறிபோன பணம் ஒரே கணக்கில் தங்காது. வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாக ஒன்றிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து பத்து என்று பிரிந்து, கடைசியில் ஏ.டி.எம்.மில் பணமாக வெளியே போய்விடும். இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930க்குக் கூப்பிட்டால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அந்தக் கணக்கில் அப்போது இருக்கும் தொகையை நிறுத்தி வைப்பார்கள். இருப்பதைத்தான் நிறுத்த முடியும். இன்னொன்று, 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. ஓடிபியைச் சொல்லிவிட்டது போல வாடிக்கையாளர் பக்கமே தவறு இருந்தாலும், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம்தான் அவருடைய நஷ்டம், தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. நானேதான் ஓடிபி சொன்னேன், இனி யாரிடம் போய் என்ன சொல்வது என்று சோர்ந்து உட்காருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏற்காட்டுத் தோட்ட ஆபீஸ் ஒன்றில் இருக்கும் தம்பிக்கு, வாகன அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. ஃபைல் (செல்போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தது. திறந்து நிறுவியும் விட்டான். அந்த மாதிரி ஆப் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, வரும் ஓடிபியை எல்லாம் வெளியே அனுப்பிவிடும். முதல் பணம் கழிந்த மெசேஜ் வந்த அடுத்த நிமிடமே அவன் எனக்குப் போன் செய்தான், தோட்டத்தின் லேண்ட்லைனிலிருந்து. செல்போனை ஏரோப்ளேன் மோடில் போடு, வைஃபையை அணை, லேண்ட்லைனிலேயே 1930க்கும் வங்கிக்கும் கூப்பிடு என்றேன். நான் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போய்ச் சேர்வதற்குள் புகார் எண் வாங்கி வைத்திருந்தான். போனது 48,000. நிறுத்தி வைத்துத் திரும்பக் கிடைத்தது 25,000. போன 23,000 அவனுக்குப் பெரிய தொகைதான். ஆனாலும் அவன் அன்று செய்தது பாடமாக வைக்கத் தகுந்தது.

பெரிய நிறுவனங்களில் ஊழியர்களுக்குப் போலி மெயில் அனுப்பி, யார் கிளிக் செய்கிறார்கள் என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. அதை நான் எதிர்க்கவில்லை. மாட்டியவர்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் போடுவதை எதிர்க்கிறேன். அப்படிப் போட்ட இடத்தில், நிஜமான மோசடி மெயிலில் கிளிக் செய்துவிட்டவர் அடுத்த முறை சொல்லவே மாட்டார். எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் எவ்வளவு சீக்கிரம் சொன்னார்கள் என்று எண்ணினால் போதும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, இப்படிப்பட்ட சம்பவம் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கணக்கு எழுதுகிறவர் நான்கு மணி நேரம் பயந்து உட்கார்ந்திருக்கும் ஆபீசில் மீதி இரண்டு மணி நேரத்தில் என்ன செய்ய முடியும்?

பாஸ்வேர்டு பற்றியும் ஒரு வார்த்தை. மாதா மாதம் மாற்றச் சொன்னால் எல்லாரும் சேலம்@01, சேலம்@02 என்றுதான் வைக்கிறார்கள், நான் கண்ணால் பார்க்கிறேன். அந்தப் பழைய விதிகளை 2003ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக எழுதிய பில் பர் என்பவரே அதற்காகப் பின்னால் வருந்தினார். 2017ல் அதே நிறுவனம், கசிந்ததாகத் தெரிந்தால் ஒழியக் கட்டாயமாக மாற்றச் சொல்ல வேண்டாம் என்று மாற்றி எழுதியது. நீளமாக வையுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் அடியுங்கள், ஞாபகமும் இருக்கும், ஊகிக்கவும் முடியாது. வீட்டில் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, உடைப்பவன் வெளிநாட்டில் இருக்கிறான். ஒரே பாஸ்வேர்டை பத்து இடத்தில் வைப்பதுதான் ஆபத்து.

அந்த ஆலையில் மாற்றியது அதிகம் இல்லை. போர்ட்டை அன்றே மூடினேன். முதலாளி இப்போது வி.பி.என். என்ற பூட்டிய தனி வழியாக வருகிறார், செல்போனில் வரும் எண்ணையும் போட வேண்டும். இரண்டு டிஸ்க், ஒரு வாரம் ஒன்று என்று மாற்றி மாற்றி, ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில். இணையத்தில் தனியாக ஒரு காப்பி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தக் காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்க்கிறோம். இதைச் செய்யாதவர்கள் எவ்வளவு பேர் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் நின்றதும் எடைமேடைக் கம்ப்யூட்டரையும் மாற்றினோம், அதற்கு மட்டும் முதலாளியோடு ஆறு மாதம் பேச வேண்டியிருந்தது.

கணக்கு மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 1930, வங்கி நம்பர், என் நம்பர். கீழே: கேபிளைப் பிடுங்கவும், எதையும் செருக வேண்டாம், கூப்பிடவும். அந்தப் பெண்ணின் கையெழுத்து. இப்போது அவளுக்குக் கீழே இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள்.

போன வாரம் காலை எட்டரைக்கு அங்கிருந்து போன். புதிதாகச் சேர்ந்த பையன். "அண்ணா, ஒரு மெயில் வந்துச்சு, திறந்துட்டேன். அக்கா உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க." கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தான். மெயிலின் தலைப்பையும் அனுப்பியவர் முகவரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன், அப்புறம் ஆடிட்டருக்கே போன் போட்டுக் கேட்டேன். அவர் அனுப்பியதுதான். கேபிளைத் திரும்பச் செருகச் சொன்னேன்.

"தொந்தரவு பண்ணிட்டேனாண்ணா?"

"இல்ல தம்பி. ஆடிட்டர் ஏதோ கையெழுத்து கேட்டிருக்கார், பார்த்து அனுப்பு."